ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே, கண்ணு

கண்ணு,

இந்தக் கடிதத்தை உங்கப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பாதியில் மடித்து வைத்துவிட்டு "அப்புறம் படிச்சுக்கறேனுங்கப்பா" என்று நீ சொன்னாலும் எழுந்து வரக்கூடாது என்று சொல்லித்தான் பல்லடத்தில் பஸ் ஏற்றிவிடுகிறேன். முப்பது வருஷம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நின்ற மனிதர், காது பாதிதான் கேட்கும். ஆனால் தனக்கு வேண்டாதது எதுவும் கேட்காத மாதிரி நடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். அதனால் அவரைக் கிளப்பிவிடப் பார்க்காதே. ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு நிதானமாகப் படி.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நித்யா பவானியில் இருந்து போன் செய்தாள். ஏழு மாத வயிற்றோடு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிற மருமகள் விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டால் எனக்குப் பதறாதா? அவளே முந்திக்கொண்டாள். "எனக்கும் கொழந்தைக்கும் ஒண்ணுமில்லீங்க அத்தை. அவருதான் எடை கொறைக்கற ஆபரேசனைத் தள்ளிப் போடறேங்கறாருங்க. கூட இருக்கறேன்னு சொன்ன ஆபீஸ் சிநேகிதரைக் கம்பெனி வெளியூருக்கு அனுப்பிருச்சுங்களாமா. ஆஸ்பத்திரியில மூணு நாள், அப்புறம் ஊட்டுல ஒரு மாசம், யாராச்சும் கூட இருந்தே ஆகோணுமுங்க. ஆளில்லை, கொழந்தை பொறந்து ஒரு வருசம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாங்கறாரு" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கறேன் அம்மணி?" என்று கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க அத்தை. நானும் அதத்தான் சொன்னேனுங்க. உங்க முன்னாடி உக்காந்து அவரால ஒரு வாய் சாப்பிட முடியாதுங்களாமா. அதுக்குத் தள்ளிப் போடறதே மேலுங்கறாரு."

எனக்கு முதலில் வருவது கோபம்தான், உனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு உன்னைத் திட்டினேன், நித்யாவைத் திட்டினேன், எதிரே வந்த பாவத்துக்கு உங்கப்பாவையும் திட்டினேன். கோபம் அடங்கியதும் யோசித்துப் பார்த்தேன். நீ என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? தீபாவளிக்கு வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு டிவி இருக்கிற அறைக்குப் போய்விடுவாய். விருந்துக்குப் போனால் கடைசிப் பந்திக்கு ஒதுங்குவாய். நான் சாப்பிடக் கூப்பிட்டால் "இப்பத்தான் வர்ற வழியில சாப்பிட்டேம்மா" என்பாய். பையனுக்குக் கூச்ச சுபாவம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முப்பத்தொரு வயதில் ஒருவனுக்குப் பெற்ற தாய் முன்னால் சோறு இறங்கவில்லை என்றால் அது கூச்ச சுபாவம் இல்லை. அதைச் செய்தது நான்.

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம். பேசினால் என் குரல் தானாக ஏறிவிடும். நான் எழுதி நீ பார்த்தது பள்ளிக்கூட லீவு லெட்டர் மட்டும்தான். பத்தாவது வரைக்கும் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊர் பார்க்கச் செய்த தப்பை மூடிய கதவுக்குள் ஒத்துக்கொண்டால் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ சம்மதித்தால் இதை நம் மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று படிப்பேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளிடம் நான் பேசிய மாதிரியேதான் பேசுகிறார்கள். நீ வேண்டாம் என்றால் இது உன்னோடு இருக்கட்டும்.

உனக்கு அப்போது பதிமூன்று வயது. கம்பெனிக்காக நம் ஷெட்டில் வளர்த்த கோழிகளைப் பிடிக்கிற நாள். லாரி வந்து நிற்கிறது, பிடிக்கிற ஆட்கள் ஆறேழு பேர் ஷெட்டுக்குள் இருக்கிறார்கள், கம்பெனி சூப்பர்வைசர் நோட்டோடு நிற்கிறார், கோழிகளைக் கூடைகூடையாக எடை மெஷினில் வைத்து இறக்குகிறார்கள். அந்த பேட்ச் நல்ல எடை வந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். நான்தான் கூப்பிட்டேன். "ஏனுங்க, எங்கூட்டு பிராய்லரையும் போட்டுப் பாருங்க, அது இதுகளை விட நெம்ப நல்லா வந்துருக்குது" என்றேன். நீ வரமாட்டேன் என்றாய். கையைப் பிடித்து இழுத்து மெஷின் மேல் நிறுத்தினேன். ஒருத்தன் "அக்கா, இதுக்கு ரெண்டு கூடை வேணுமுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான். சூப்பர்வைசர் எண்ணை வாய்விட்டுப் படித்தார். நான் சாக்கட்டியை எடுத்து, பேட்ச் எடை எழுதுகிற சுவரில், கோழிகளின் எடைக்குக் கீழேயே உன் எடையையும் எழுதினேன்.

மறு வாரமே பள்ளிக்கூடத்தில் உனக்கு 'பிராய்லர்' என்று பெயர் வந்துவிட்டது. நீ என்னிடம் சொல்லவில்லை. உன் வாத்தியார் சொல்லித்தான் தெரியும். அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியாச்சும் ரோசம் வந்து வாயைக் கட்டட்டுங்க சார்" என்றேன். அதன் பிறகு நீ ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை. வேலைக்குப் பயந்து ஒளிகிறான் என்று அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

இதைப் படிக்கிற யாரும் இவள் பிள்ளை மேல் பாசம் இல்லாதவள் என்று நினைக்கலாம். நீ அப்படி நினைக்கக்கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன், சாக்கு சொல்வதற்காக இல்லை. என் அப்பாவும் அம்மாவும் கூலிக்காரர்கள். அடுத்தவர் காட்டில் களை எடுத்து வந்த கூலியில் எங்கள் வீட்டு உலை கொதித்தது. ஐந்து பிள்ளைகளுக்கு அம்மா கரண்டியால் அளந்துதான் சோறு போடுவார். இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. அப்படி வளர்ந்தவளுக்கு நீ பிறந்தாய். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் உன்னைத் தராசில் போட்டுப் பார்த்து, "நல்ல எடைங்கம்மா, நல்லா வளத்தறீங்க" என்றார். அதுவரைக்கும் என்னை யாரும் எதற்கும் அப்படிப் பாராட்டியதில்லை. வரிசையில் நின்ற மற்றத் தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெருமையில் உனக்கு முட்டையும் கறியும் நெய்யுமாக ஊட்டினேன். நீ போதும் என்று வாயை மூடினால் மூக்கைப் பிடித்துத் திறந்து ஊட்டினேன். பத்து வயது வரைக்கும் உன் எடை எனக்குப் பெருமை. அதன் பிறகு அதே எடை எனக்கு அவமானம். இரண்டு காலத்திலும் உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு நான் செய்த வைத்தியங்கள் உனக்கே தெரியும். விடிந்தால் கொள்ளு ரசம், பொழுது சாய்ந்தால் கொள்ளு ரசம். சுரைக்காய்ச் சாறு. அரிசி மூட்டை இருந்த அறைக்குப் பூட்டு. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு மாதம் பட்டினி மாதிரி இருந்து பதினெட்டு கிலோ குறைத்தாய். பார்த்தீர்களா, மனசு வைத்தால் முடியும் என்று சொந்தம், ஒறம்பரை வீடெல்லாம் போய்ப் பீற்றிக்கொண்டேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் போனதும் வந்துவிட்டது, அதற்கு மேலும் வந்துவிட்டது. நான் நித்யாவின் சமையலைக் குறை சொன்னேன். அந்தப் பெண் அதற்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது, நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கூட வந்தேன். நீ அந்த டாக்டரம்மாவிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை நாள் படித்துத் தயாரித்திருந்தாய்! எடை குறைக்கிற ஊசி போட்டுப் பார்த்தாய், ஓயாத வாந்தியில் நிறுத்தும்படி ஆயிற்று என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தூக்கத்தில் உனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அதற்கு முகத்தில் மாட்டுகிற மெஷின் இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். சுகர் கட்டுக்கு வரவில்லை, நாள் கடத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் குறுக்கே புகுந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இவனுக்கு வாய்க்கட்டு இல்லீங்க, அவ்வளவுதான்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாய். உனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

நித்யாவின் போன் வந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் அதே டாக்டரம்மாவைப் பார்க்கத் தனியாகப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போனதும் அவர் முதலில் சொன்னது, "உங்க பையனைப் பத்தி நான் ஒண்ணும் பேசக்கூடாதுங்கம்மா. பொதுவாக் கேளுங்க, சொல்றேன்." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்தேன். நல்லா இருக்கற வயித்தை எதுக்குங்க அறுக்கோணும் என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் வயிற்றைப் படம் போட்டார். ஸ்லீவ் என்று ஒன்று. வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் மாதிரி விடுகிறது. எடுத்ததை மறுபடி வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும். பைபாஸ் என்று இன்னொன்று. மேலே சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைக் குடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இணைக்கிறது. சுகர் முற்றியவர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் இது ஒத்துவரும், ஆனால் சத்து உடம்பில் ஒட்டுவது குறையும் என்பதால் ஆயுசுக்கும் மாத்திரை. கத்தியே வேண்டாம் என்கிறவர்களுக்கு வாய் வழியாக இறக்குகிற பலூன், அதைச் சில மாதத்தில் எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகு எடை திரும்புவது சகஜம். ஊசி பலருக்குக் கேட்கிறது, நிறுத்தினால் எடை திரும்பப் பார்க்கும். "எது ஒசத்திங்கற பேச்சில்லீங்கம்மா. யாருக்கு எதுங்கறதுதான்" என்றார். நீ ஏன் பைபாஸ் என்று முடிவு செய்தாய் என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. உன் சுகர், உன் நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும் வைத்து யோசித்துத்தான் செய்திருக்கிறாய்.

ஆபத்தே இல்லையா என்று கேட்டேன். "இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க. தைச்ச எடம் கசியலாம், ரத்தம் கட்டலாம். அதுக்குத்தான் அன்னைக்கே எந்திரிச்சு நடக்கச் சொல்றோம், விடாமப் பாத்துக்கறோம். சும்மா விடறதுலயும் ஆபத்து இருக்குதுங்கம்மா, அது மெதுவா வர்றதால நமக்குத் தெரியறதில்லை" என்றார். கடைசியாக நான் என் பழைய பாட்டைத்தான் பாடினேன். வாயைக் கட்டினால் குறையாதா? அவர் கோபப்படவில்லை. "கொறையுமுங்க. ஆனா எடை எறங்கின ஒடம்பு பசியை எச்சாத் தூண்டிவிடும், சக்தியைச் செலவழிக்கறதைச் சுருக்கும். விட்ட எடத்தைப் பிடிக்கத்தான் பாக்கும். திரும்ப எடை போடறவங்க எல்லாம் சோம்பேறிங்க இல்லீங்கம்மா. எத்தனையோ பேர் எங்களை விடக் கட்டுப்பாடா இருந்து பாத்துட்டுத்தான் இங்க வர்றாங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. படிச்சவங்க பேச்சு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் கோழிகளுக்கு மாதிரி எடை போட வேண்டிய முறை. உனக்குத் தெரிந்ததுதான், வாரத்துக்கு ஒரு தடவை ஷெட்டின் நாலு மூலையிலும் கொஞ்சம் கோழிகளைப் பிடித்து நிறுத்துப் பார்ப்போம். ஒன்றைத் தூக்கினேன், கனமாக இருந்தது. பக்கத்தில் இருந்ததைத் தூக்கினேன், இலேசாக இருந்தது. ஒரே நாளில் இறங்கிய குஞ்சுகள். ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே தேங்காய் மஞ்சி மேல் படுக்கை. சேவல், பெட்டை வித்தியாசத்தைத் தள்ளினாலும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அவ்வளவு வித்தியாசம். வெளியே நம் நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. அதுகளுக்கு இதே தீனியை நாற்பது நாள் போட்டாலும் இதில் கால்வாசி எடை தேறாது. இருபது வருஷமாக இது எனக்குத் தெரியும். எந்தக் கோழியையும் பார்த்து உனக்கு வாய்க்கட்டு இல்லை என்று நான் திட்டியதில்லை. அதன் உடம்பு வாகு அப்படி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததைத் தூக்குவேன். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் கோழியை வைத்துக்கொண்டு அந்த மஞ்சி மேலேயே உட்கார்ந்து அழுதேன், கண்ணு. உங்கப்பா ஓடி வந்து கோழிக்கு நோய் வந்துவிட்டதா என்று கேட்டார்.

மறுபடியும் என்னைக் கோழியோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் எதைத் தொட்டு உன்னைப் புண்படுத்தினேனோ அதைத் தொட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது, என்ன செய்வது.

அதற்குப் பிறகு சில காரியங்கள் செய்திருக்கிறேன். போன வாரம் கோழி பிடித்து லாரி போன கையோடு, அடுத்த இரண்டு மாதத்துக்குக் குஞ்சு இறக்க வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். "என்னங்கக்கா, இத்தன வருசத்துல இப்படி விட்டதே இல்லீங்களே" என்றார். எம்பையனுக்கு ஆபரேசனுங்க என்றேன். என்ன ஆபரேசன் என்று கேட்டார். எடை குறைக்கிற ஆபரேசன் என்று நேராகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் மனைவிக்கும் இதே மாதிரி செய்திருக்கிறார்களாம், மதுக்கரையில் இருக்கிறார்களாம், இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறார்களாம், சுகர் மாத்திரையும் குறைந்துவிட்டதாம். இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டோமே என்று நினைத்தேன்.

அடுத்து, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற டயட்டீஷியன் பெண் அன்றைக்குக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு உங்கப்பாவைப் பழக்கிவிட்டேன். ஆமாம், உங்கப்பாவைத்தான். ஒரு தம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர் இப்போது கோழி சூப்பு வைத்து, மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிட்டு, துணியில் வடிகட்டுகிறார். முதல் நாள் சூப்பு பொங்கி அடுப்பே அணைந்தது. இருமல் மருந்தோடு வருகிற சின்ன மூடியில் அளந்து, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அலாரம் வைத்தால் காது கேட்காது என்பதால் போனை அதிர்கிற மாதிரி வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அது அதிர்கிற போதெல்லாம் ஒரு துள்ளு துள்ளுகிறார். முதலில் தண்ணி மாதிரி, பிறகு கூழ் மாதிரி, பிறகு குழைவாக, அப்புறம்தான் கெட்டிச் சாப்பாடு என்று ஒப்பிக்கிறார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

அவரைப் பழக்குவதற்காக ஒரு நாள் நானே நோயாளியாகப் படுத்து, அந்தச் சின்ன மூடியில் கொடுத்ததை மட்டும் குடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். பதினொரு மணிக்கே எனக்குக் கண் இருட்டி, அவரைக் கடித்துக் குதறிவிட்டேன். மத்தியானம் எழுந்து போய் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஆபரேஷன் செய்த வயிற்றுக்கு அவ்வளவு பசி தெரியாது என்று சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது உன் கல்யாணத்துக்கு முந்தின எட்டு மாதம். முழு வயிற்றை வைத்துக்கொண்டு எட்டு மாதம் நீ அப்படி இருந்திருக்கிறாய். என்னால் அரை நாள் முடியவில்லை. உனக்கா வாய்க்கட்டு இல்லை?

தாயாக உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விடாதே. எடை குறைந்துவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று மூன்றாம் வருஷம் நிறுத்துகிற ஆட்கள்தான் சத்துக் குறைந்து வந்து நிற்கிறார்கள் என்று அந்த டயட்டீஷியன் பெண் சொன்னாள். முட்டையோ பருப்போ கறியோ, அதை முதலில் சாப்பிடு, சோறு பிறகு. நடுவில் முடி கொட்டும், தோல் தொங்கும், பயப்படாதே, ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள். சில வருஷம் கழித்துக் கொஞ்சம் எடை திரும்பினால் ஒளிக்காதே, டாக்டரிடம் போ. விருந்துக்குப் போனால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். இலையில் இன்னொரு கரண்டி போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர் இது. "போதுங்க, ஆபரேசன் செஞ்சிருக்குது" என்று தலை நிமிர்ந்து சொல்லு. மறைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறக்கப் போகிற குழந்தையின் தட்டைப் பார்த்து நான் எப்போதாவது ஒரு வார்த்தை பேசினால், அது மெலிந்திருந்தாலும் சரி, பருத்திருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே என் வாயை அடைத்துவிடு. உனக்கு அந்த உரிமை உண்டு.

டாக்டரம்மா கொடுத்த தேதி இரண்டு வாரம் தள்ளி வருகிற திங்கட்கிழமை. அதற்கு முன்னால் ஈரல் சுருங்க இரண்டு வாரம் இலேசான சாப்பாட்டில் இருக்க வேண்டும், அது நாளை மறுநாள் தொடங்க வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை ரத்து செய்யப் போகிறாய் என்று நித்யா சொன்னாள். அதைச் செய்யாதே. உன் குழந்தை பிறக்கிற நாளில் நீ பவானி ஆஸ்பத்திரி மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏற வேண்டும். ஒரு வருஷம் கழித்து, இரண்டு வருஷம் கழித்து, இன்னும் எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் குழந்தைக்கு நீ வேண்டும். எனக்கும் நீ வேண்டும். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கு ஷெட் வாசலில் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. மெஷினைத்தான் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு. இப்போதே மன்னிக்க வேண்டும் என்று இல்லை. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது.

என் பையைக் கட்டி வைத்திருக்கிறேன், உங்கப்பா பையையும் கட்டி வைத்திருக்கிறேன். யார் வர வேண்டும் என்று எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்லி அனுப்பு. அப்பா போதும் என்றால் அவர் வருவார், நன்றாகவே பார்த்துக்கொள்வார், பழக்கியது நான். எனக்கு அழுகை வரும், அதை நீ பார்க்க வேண்டியதில்லை, நான் இங்கே வீட்டில் இருப்பேன். உன் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அளந்து கொடுக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால், பொழுது விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவேன். ஆபரேஷன் முடிந்து நீ கண் முழிக்கிறபோது எந்த முகம் எதிரே இருந்தால் உனக்கு நிம்மதியோ, அந்த முகம் இருக்கட்டும்.

அம்மா